மறு: ‘நிலையான மின்னழுத்தம்’ சரியா?

அனைவருக்கும் வணக்கம். ஓவர்கிளாக் என்றால் கணினிச் செயலியை அதற்கு வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அப்போது செயலி பிழையில்லாமல் ஓடத் தேவையான மின்னழுத்தத்துக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்; வந்த யோசனைகளுக்கு என் பதில் கீழே.

> ஓவர்கிளாக் செய்யும்போது தேடிப்பிடிக்கிற அழுத்தத்துக்கு ‘நிலையான மின்னழுத்தம்’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். அப்படிச் சொன்னதும் ஸ்டெபிலைசர் தருவதுபோல் ஏறாமல் இறங்காமல் நிற்கும் அழுத்தம்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே நிலையாக இருக்க வேண்டியது செயலி. அழுத்தம் அசையத்தான் செய்யும். என் கணினியில் பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) 1.25 வோல்ட் வைத்தேன். முழுச் சுமை ஏறியதும் 1.19 என்று காட்டியது. பழுதொன்றும் இல்லை. மின் வரும் வழியில் 1 மில்லியோம் தடை என்று வைத்துக்கொண்டால்கூட 60 ஆம்பியருக்கு 0.06 வோல்ட் இறங்கிவிடும்.

> ‘தாங்கழுத்தம்’?

நல்ல சொல், ஆனால் இடம் மாறிவிட்டது. மின்காப்பு உடைந்துபோகாமல் தாங்கும் அழுத்தத்துக்குத்தான் அது பொருந்தும். அது மேல் எல்லை. நாம் தேடுவதோ கீழ் எல்லை: 4.8 கிகாஹெர்ட்சில் ஓட ஆகக் குறைந்தது எவ்வளவு போதும்? தேவைக்கு மேல் கொடுத்தால் சூடுதான் மிச்சம். செயலி இயங்கச் செலவாகும் திறன் அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், அதே வேகத்தில் 1.2-இலிருந்து 1.3-க்குப் போனாலே சுமார் 17 விழுக்காடு கூடிவிடும்.

என் பரிந்துரை ‘இடறா மின்னழுத்தம்’. வாடா மலர் மாதிரி.

இந்தச் சொல் எப்படித் தோன்றியது என்றால், மேலே சொன்ன 1.25-இல், செயலிக்குக் கடும் கணக்குகள் கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 என்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. கணினி உறையவில்லை, நீலத்திரை வரவில்லை, பின்னால் பாட்டுகூடத் தடங்கலில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. நாற்பதாவது நிமிடம் ஒரே சமயத்தில் ஓடிய எட்டு இழைகளில் ஒன்று மட்டும் நின்றுவிட்டது: ரவுண்டிங் பிழை (விடையை முழு எண்ணாக்கும்போது வரும் விலகல்) 0.5, 0.4-க்குள் இருந்திருக்க வேண்டுமாம். அதாவது செயலி விழவில்லை, கணக்கில் இடறியிருக்கிறது. அப்புறம் 10 மில்லிவோல்ட்டாக ஏற்றிக்கொண்டே போய், 1.28-இல் இரவு முழுக்க ஓடியது. ‘நிலை’ என்ற சொல் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டாது. அந்த 1.25-இலும் கணினி நிலையாகத்தானே நின்றது!

ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். சாதாரண வேலையில் இடறாதது ஏவிஎக்ஸ் கட்டளைகள் (ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிட்டுச் செயலிக்குச் சுமை ஏற்றுபவை) வந்தால் இடறும். அதனால் எந்தச் சோதனை, எத்தனை மணி நேரம் என்று கூடவே எழுதினால்தான் எண்ணுக்குப் பொருள்.

சுமை ஏறும்போது அழுத்தம் இறங்குவதற்குச் ‘சுமைச்சரிவு’ போதும் என்று நினைக்கிறேன். ஓவர்கிளாக்குக்கு ‘மிகைக்கடிகாரம்’ மட்டும் வேண்டாம், வீட்டில் கடிகாரம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. நல்ல சொல் அமையும்வரை ஓவர்கிளாக் அப்படியே இருக்கட்டும்.

மாட்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: பயாஸில் லோட்லைன் காலிபரேஷன் என்று இருப்பது. சரிவை ஈடுகட்டுவதால் ‘சரிவீடு’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். வினைத்தொகையாகப் படித்தால் சரிகிற வீடு! இப்போதைக்குச் ‘சரிவு ஈடு’ என்று பிரித்தே வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது தோன்றுகிறதா?