ஹாலோபாக்டீரியாவுக்குத் தமிழ்ப்பெயர்: கையேடு அச்சுக்குப் போகுமுன் ஒரு சொல் வேண்டும்

நாகர்கோவில்:

குழும அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் கல்லூரி மாணவர்களைப் புத்தளம் உப்பளத்துக்குக் களப்பயணம் அழைத்துச் செல்கிறோம். அதற்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உப்பு விளையும் தறுவாயில் பாத்தி நீரைச் சிவக்க வைக்கும் உயிர்களின் வகைப்பாட்டுப் பக்கம் மட்டும் முடியாமல் நிற்கிறது. வகுப்பு ஹாலோபாக்டீரியா, வரிசை ஹாலோபாக்டீரியேல்ஸ், குடும்பம் ஹாலோபாக்டீரியேசி, பேரினம் ஹாலோபாக்டீரியம் என ஒரே வேரில் நான்கு பெயர்கள். ஈற்றைப் பார்த்துத்தான் படிநிலையை அறிய வேண்டியிருக்கிறது. ‘உப்புநாடி’ என்று எழுதிப் பார்த்தேன். நம் ஊரில் நாடி என்றால் முகவாய், வைத்தியரிடம் போனால் கையில் பிடித்துப் பார்ப்பது. விரும்பி அடைவது என்ற பொருள் மாணவருக்கு மூன்றாவதாகத்தான் தோன்றும். வேறு சொல் தாருங்கள்.

தக்கலை:

அம்மா, உப்பு விளையும் இடத்துக்கு அளம் என்ற பெயர் இருக்கும்போது நாம் ஏன் வெளியே தேட வேண்டும்? அளம் உப்பளத்தையும் குறிக்கும், கடலையும் குறிக்கும். அளக்கர் என்றாலும் கடலே. அள்ளல் என்னும் சேற்றையும் சேர்த்துப் பார்த்தால், இவை எல்லாவற்றுக்கும் அடியில் செறிவு என்ற கருத்து கிடக்கிறது என்பது என் துணிபு. செறிந்த உப்புநீரில் செறிந்து வாழும் உயிருக்கு ‘அளவுயிரி’ என்பதே தகும். ஹகரமும் வேண்டாம், அடிக்குறிப்பும் வேண்டாம்.

குளச்சல்:

அண்ணாச்சி சொன்ன வேர் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அளம், உயிரி இரண்டும் புணரும்போது மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் தோன்றி, அளவுயிரி என்று நின்றுவிட்டால், படிப்பவர் அதை அளவு, உயிரி என்றே பிரிப்பார். விதி பிழைக்காமலே பொருள் பிழைத்துவிடும்.

எனக்குள்ள பெரிய கவலை உப்பைக் குறிக்கும் ஹாலோ அன்று, பாக்டீரியா. இவை பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்னும் வேறொரு நுண்ணுயிர்க் கிளையைச் சேர்ந்தவை. கார்ல் வூசும் ஜார்ஜ் ஃபாக்சும் 1977-இல் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு ஆர்க்கியாவைத் தனிக் கிளையாகக் காட்டுவதற்கு முன்பே இவற்றுக்கு வைத்த பெயர் அது. பாக்டீரியாவின் சுவரை ஆக்கும் பெப்டிடோகிளைக்கான் இவற்றின் சுவரில் இல்லை. சவ்வுக் கொழுப்பு பாக்டீரியாவில் உள்ள எஸ்டர் பிணைப்பை விட்டு ஈதர் பிணைப்பால் ஆனது. பெயரிடும் விதிகள் முந்திய பெயரைக் காப்பதால் இலத்தீனில் பாக்டீரியா ஒட்டிக்கொண்டே வருகிறது. தமிழில் இன்றுதான் சொல் ஆக்குகிறோம் எனும்போது, ‘உப்புப் பாக்டீரியா’ என்று எழுதி மாணவரைத் தவறான கிளையில் கொண்டுபோய் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியாது.

நாடுதல் என்பதும் போதாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு படியும் பாத்தியில் அது 250 கிராமையும் தாண்டிவிடும், அங்கேதான் இவை செழிக்கின்றன. ஹாலோபாக்டீரியத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஓரத்தில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டு, நுண்ணோக்கியில் பாருங்கள்: கோல்கள் உப்பி உருண்டையாகி, பார்த்திருக்கும்போதே வெடித்துக் கரைந்து போகும். உப்பு இவற்றுக்கு விருப்பமன்று, உயிர்நிலை. ஆகவே ஆர்க்கியாவைத் தொல்லுயிரி என்று கொண்டு, விருப்பத்தைச் சொல்லாமல் இடத்தைச் சொல்லும் ‘உவர்த்தொல்லுயிரி’ என்பதை முன்மொழிகிறேன். யரழ முன்னர் வேற்றுமையில் வலி மிகும் என்பதால் தகர ஒற்று வேண்டும். வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம் என்ற சொற்களைப் பின்னால் சேர்த்துவிட்டால் நான்கு ஈறுகளின் தொல்லையும் தீரும்.

இன்னொன்று. 2015-இல் இந்த வகுப்பை ஹாலோபாக்டீரியேல்ஸ், ஹாலோஃபெராகேல்ஸ், நாட்ரியால்பேல்ஸ் என்று மூன்று வரிசைகளாகப் பிரித்தார்கள். மூன்றாவதன் முன்னொட்டு சோடியத்தைக் குறிக்கிறது. உப்பு மிகுந்த மண்ணை உவர் என்றும், சோடியம் ஏறிய மண்ணைக் களர் என்றும் நம் வேளாண் நூல்கள் பிரித்தே எழுதுகின்றன. கல்லாதவரைப் பயன்தராத களர் என்று வள்ளுவர் சொன்ன சொல் இங்கே ஓர் உயிர்க்குழுவுக்குப் பயன்படட்டுமே: ‘களர்த்தொல்லுயிரி வரிசை’.

மார்த்தாண்டம்:

உவர் நல்ல சொல், ஏற்கிறேன். களரை ஏற்க இயலாது. அந்தப் பிரிவினை மரபணுக்களையும் புரதங்களையும் ஒப்பிட்டுச் செய்தது, வாழிடத்தைப் பார்த்துச் செய்ததன்று. அந்த வரிசைக்குப் பெயர் தந்த நாட்ரியால்பா பேரினத்திலேயே காரமில்லாத உப்புநீரில் வாழும் இனங்கள் உண்டு. களர் என்று படித்த மாணவர் அவற்றைச் சோடா ஏரியில் மட்டுமே தேடுவார். மேல்படிப்புக்குப் போகிறவர் அங்கே காணப்போவதும் ஹாலோபாக்டீரியேசி என்ற பெயரைத்தான். அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே அருகில் தராவிட்டால் கையேடு பாதி வழியில் விட்டுவிடும்.

நாகர்கோவில்:

எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் கருத்துப்படி ‘உவர்த்தொல்லுயிரி’யைப் பாடத்திலும், இலத்தீன் பெயர்களைத் தமிழ் எழுத்தில் அட்டவணையிலும் இடுகிறேன். களரை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

தக்கலை:

அச்சுக்குப் போகட்டும் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் தொல் என்ற அடைமொழி மட்டும் என் மனத்துக்கு ஒவ்வவில்லை. ஆர்க்கியா பாக்டீரியாவைவிட மூத்தது என்று நிறுவப்படவில்லை. பழமை என்ற பொருளில் ஆர்க்கியா என்று பெயர் வைத்தவர்கள் அப்போது எண்ணியதை நாமும் சுமப்பானேன்? பாக்டீரியாவைப் பிழை என்று தள்ளிய குளச்சல் நண்பர், இதற்கும் அதே அளவுகோலைப் பிடிக்க வேண்டும். அடுத்த பதிப்புக்குள் வேறு சொல் ஒன்றோடு வருகிறேன்.