பாடமே கைப்பேசியில் வரும்போது அதைத் தள்ளி வைத்துப் படிப்பது எப்படி?

மன்னார்குடிக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல்–கணிதப் பிரிவில் படிக்கிறாள். நீட் தேர்வுக்கும் சேர்த்தே தயாராகி வருகிறாள். மாலையில் படிக்க உட்கார்ந்தால் இரவு உணவுக்குத்தான் எழுந்திருக்கிறாள் என்பதால் அவளுடைய உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவ்வளவு நேரமும் கைப்பேசி புத்தகத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. பயிற்சி மையத்தின் வினாத்தாள் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது, வகுப்பில் விட்டுப்போன பாடத்தை யூடியூபில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, ஐயம் கேட்பதும் அதே குழுவில்தான். இவற்றுக்கு நடுவே தோழிகளின் செய்திகளும் இன்ஸ்டாகிராமும் காதில் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கேட்டால், "ரெண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பழகிடுச்சுப்பா" என்கிறாள்.

வாரத் தேர்வுகளின் விடைத்தாள்களில் ஒன்றைக் கவனித்தேன். ஏற்கெனவே பயிற்சி செய்த வடிவிலேயே வரும் வினாக்களுக்குச் சரியாக விடையளிக்கிறாள். அதே கருத்தைச் சற்றுத் திருப்பிக் கேட்டாலோ, ஐந்து மதிப்பெண் விடையாகச் சொந்தச் சொற்களில் எழுதச் சொன்னாலோ தடுமாறுகிறாள். இதற்கும் கைப்பேசிக்கும் தொடர்பு உண்டா, அல்லது நானாகவே பழியைக் கைப்பேசியின் மீது போடுகிறேனா? பிடுங்கி வைத்துவிடுங்கள் என்று சொல்லப் போகிறவர்கள், பாடமும் அதில்தான் வருகிறது என்பதை மனத்தில் கொண்டு பதில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உளவியல் விரிவுரையாளர், மதுரை:

ஐயா, விடைத்தாளில் நீங்கள் கண்டது கவனிக்கத்தக்கது. உங்கள் மகளின் தடுமாற்றத்துக்குக் காரணம் கைப்பேசிதான் என்று இங்கிருந்துகொண்டு நான் சொல்ல முடியாது. பாடம் புரியாமல் இருந்தாலும் விடைத்தாள் அப்படித்தான் இருக்கும். ஆயினும் நீங்கள் விவரித்ததை நெருங்கி வரும் ஓர் ஆய்வு உண்டு. 2006ஆம் ஆண்டு கரின் ஃபோர்டே, பார்பரா நோல்டன், ரஸ்ஸல் போல்ட்ராக் ஆகிய மூவரும் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், அட்டைகளைப் பார்த்து மழை வருமா வெயில் அடிக்குமா என்று கணிக்கும் ஒரு பயிற்சியை இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு முறை அமைதியாகக் கற்றார்கள். மற்றொரு முறை காதில் விழும் ஒலிகளில் உயர்ந்த ஒலிகளை எண்ணிக்கொண்டே கற்றார்கள். கணிப்பதில் இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறினார்கள். ஆனால் கற்றதைப் பற்றி வேறு விதமாக வினாக்களைக் கேட்டபோது, எண்ணிக்கொண்டே கற்றதைக் கையாள அவர்களால் அவ்வளவாக இயலவில்லை. மூளைப் படங்களிலும் இந்த வேறுபாடு தெரிந்தது: அமைதியாகக் கற்றபோது நினைவைப் பிணைத்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியும், கவனம் சிதறியபடி கற்றபோது பழக்கத்தால் செய்யும் செயல்களுக்குரிய ஸ்ட்ரையாட்டம் பகுதியும் முன்னின்றன. அதாவது கவனம் பிரிந்திருந்தபோதும் கற்றல் நடந்தது. ஆனால் நடந்த கற்றல் வேறு வகையானது, கற்ற வடிவத்துக்கு வெளியே எளிதில் வராதது.

"பழகிவிட்டது" என்று பிள்ளைகள் சொல்வதைப் பொய் என்று நான் நினைப்பதில்லை. அவர்களுக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றுகிறது, சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. படிப்பதும் செய்திக்குப் பதில் எழுதுவதும் ஆகிய இரண்டுமே மொழியைக் கொண்டு செய்யும் வேலைகள் என்பதால் மனம் அவற்றை ஒரே நேரத்தில் செய்வதில்லை. ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு விரைவாகத் தாவுகிறது, ஒவ்வொரு தாவலிலும் எங்கே விட்டோம் என்பதைத் தேடிப் பிடிக்கச் சிறிது நேரம் போகிறது. முடிக்காமல் விட்டு வந்த வேலையின் எச்சம் அடுத்த வேலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைச் சோஃபி லெராய் 2009இல் ஆய்ந்து எழுதினார். 2013இல் லாரி ரோசன் குழுவினர் 263 மாணவர்களை அவரவர் படிக்கும் இடத்திலேயே 15 நிமிடம் கவனித்தபோது, சராசரியாக ஆறு நிமிடத்துக்கும் குறைவாகவே ஒரு வேலையில் தொடர்ந்து இருந்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்கிறார் என்று தெரிந்திருந்தும் இந்த நிலை என்பதை மறந்துவிடக் கூடாது.

பொறியியல் மாணவன், மூன்றாம் ஆண்டு:

விரிவுரையாளர் அம்மா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய ஆய்வுகள் எல்லாவற்றையும் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பல ஊடகங்களை ஒன்றாகப் பயன்படுத்துவோருக்குத் தேவையற்றதை வடிகட்டி ஒதுக்கும் திறன் குறைவு என்று ஸ்டான்ஃபோர்டில் 2009இல் வந்த முடிவும், கைப்பேசி மேசையில் சும்மா கிடந்தாலே சிந்தனைத் திறன் குறைகிறது என்று டெக்சாஸிலிருந்து 2017இல் வந்த முடிவும், பின்னர் மற்றவர்கள் சோதித்தபோது எல்லா இடத்திலும் அப்படியே கிடைக்கவில்லை. மேலும் பாட்டையும் இன்ஸ்டாகிராமையும் ஒரே தட்டில் வைப்பது சரியா? வாத்திய இசையை ஓடவிட்டுத்தான் நான் நிரல் எழுதுகிறேன். அது எனக்கு இடையூறாக இல்லை. நூறு செயல்களில் ஒரே நேரத்தில் கவனம் வைத்த சதாவதானிகள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள் என்றால், பயிற்சியால் மனிதருக்கு அது கைகூடும் என்பதுதானே பொருள்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்:

தம்பி, அவதானத்தை நீங்கள் எடுத்துக்காட்டியதில் எனக்கு மகிழ்ச்சி; ஆனால் அது உங்கள் கட்சிக்கு உதவாது. எங்கள் ஊர்ப்பக்கம் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டிப் புகழ்பெற்றவர். அந்த அரங்குகளில் என்ன நடக்கும் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் இலக்கியத்தில் ஐயம் எழுப்புவார். இடையிடையே மணி ஒலிக்கும், முதுகில் சிறு கல்லோ பூவோ வந்து விழும், அவற்றின் எண்ணிக்கையையும் இறுதியில் சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. கேட்பவர்கள் ஒருவர்பின் ஒருவராகத்தான் வருவார்கள். அவதானி ஒவ்வொன்றையும் மனத்தில் அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டு, உரிய வேளையில் எடுத்துக் கொடுப்பார். கூடியிருக்கும் அவை முழுவதும் அவர் கவனம் குலையாமல் இருப்பதற்கென்றே அமைதி காக்கும். வெண்பா இலக்கணம் நாவில் ஊறிப்போன பிறகுதான் ஒருவர் அந்த மேடை ஏறுவார்; இலக்கணத்தை அந்த மேடையில் கற்றுக்கொள்வதில்லை. புதிதாக ஒன்றைக் கற்கும் பிள்ளையின் நிலை வேறு. மணியோசையை எண்ணும் பாவலரும், ஒலிகளை எண்ணிக்கொண்டே கற்ற அந்த இளைஞர்களும் ஒரே வேலையைச் செய்தது போலத் தோன்றலாம். பாவலர் எண்ணும்போது கற்கவில்லை என்பதுதான் வேறுபாடு. இன்னொன்று, அவதானியின் மனத்தை ஈர்ப்பதற்கென்று அந்த மணியை யாரும் சம்பளம் வாங்கிக்கொண்டு வடிவமைக்கவில்லை.

வாத்திய இசையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். சொற்கள் உள்ள பாட்டு, சொற்களைப் படிக்கும் வேலையோடு மோதும். வெறும் இசை அவ்வளவாக மோதுவதில்லை.

இயற்பியல் ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி:

ஆய்வுகளைப் பற்றி எனக்கு முன்னே எழுதியவர்கள் போதிய அளவு சொல்லிவிட்டார்கள். வகுப்பறையைச் சார்ந்த ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கனடாவில் ஃபாரியா சனா குழுவினர் 2013இல் வெளியிட்ட சோதனையில், விரிவுரையின்போது மடிக்கணினியில் வேறு வேலையும் பார்த்தவர்களின் சராசரி, நூற்றுக்கு 11 புள்ளி அளவுக்குக் குறைந்தது. அத்தகையவர்களின் திரை கண்ணில் படும்படி அமர்ந்து, தாம் மட்டும் ஒழுங்காகக் குறிப்பெடுத்தவர்களின் சராசரி 17 புள்ளி குறைந்தது. ஒரு மாணவனின் திரை அவனுக்கு மட்டும் உரிய விவகாரம் அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிகளில் கைப்பேசியைத் தடை செய்தால் என்ன ஆகும் என்பதில் முடிவுகள் கலந்தே இருக்கின்றன: இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் தடைக்குப் பின் மதிப்பெண் உயர்ந்தது, அதிலும் பின்தங்கிய மாணவர்களே மிகுதியாகப் பயன் பெற்றார்கள், சுவீடனில் அதே முறையில் பார்த்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை.

இனி, மன்னார்குடி ஐயா கேட்டதற்கு வருகிறேன். பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது என்பதற்காக, பாடத்தை வாட்ஸ்அப்பிலேயே படிக்க வேண்டும் என்பதில்லை. வினாத்தாளை மாலையில் ஒருமுறை பதிவிறக்கி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள். நீட் தேர்வு மூன்று மணி நேரம், 180 வினாக்கள், கையில் பேனா மட்டுமே என்பதால் தாளில் பழகுவதே அவளுக்கு நல்லது. படிக்கும்போது எழும் ஐயங்களை உடனே குழுவில் கேட்காமல், நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, படிப்பு முடிந்த பிறகு மொத்தமாகக் கேட்கச் சொல்லுங்கள். பாதி ஐயங்கள் அதற்குள் தாமாகவே தீர்ந்துவிடுவதை என் மாணவிகளிடம் பார்த்திருக்கிறேன். காணொளிப் பாடத்தை அவளுடைய கைப்பேசியில் அல்லாமல், செய்திகள் வராத வேறொரு கருவியில் பார்க்க முடிந்தால் நல்லது. பழைய கைப்பேசி ஒன்றில் சிம் இல்லாமல், யூடியூபை மட்டும் வைத்துக் கொடுத்தாலும் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பாடத்தை முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அதை ஒரு பக்கத்தில் தன் சொற்களில் எழுதச் சொல்லுங்கள். கைப்பேசியோடு ஒரு நாளும், அது அடுத்த அறையில் இருக்க மறு நாளும் எழுதி, இரண்டு பக்கங்களையும் அவளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அப்பா சொல்வதைவிடத் தன் கையெழுத்து சொல்வதை அவள் நம்புவாள்.

பயிற்சி மையங்களின் பங்கையும் சொல்லாமல் விடக் கூடாது. இரவு ஒன்பதரை மணிக்குக் குழுவில் வினாத்தாளைப் போட்டுவிட்டு, "பார்த்தவர்கள் பதில் அனுப்பவும்" என்று கேட்பவர்கள், மறுநாள் பெற்றோர் கூட்டத்தில் கைப்பேசிப் பழக்கத்தைக் கண்டிப்பது பொருத்தமாக இல்லை.

மன்னார்குடிக்காரர்:

அனைவருக்கும் நன்றி. இரண்டு பக்கங்களையும் ஒப்பிடும் யோசனையை மகளிடம் சொன்னேன். செய்து பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டாள். ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது. குழுவின் ஒலியை அடக்கிவிட்டால் தேர்வுத் தேதி மாற்றம் போன்ற முக்கியச் செய்திகள் தவறிவிடும் என்று அஞ்சுகிறாள்.

இயற்பியல் ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி:

உங்கள் எண்ணையும் அந்தக் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள் ஐயா. அவள் படிக்கும் நேரத்தில் வரும் செய்திகளை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்றால் அவளுக்கு அந்த அச்சம் இருக்காது. முடிந்தால் மையத்தாரிடம் பேசி, அறிவிப்புக்குத் தனியாகவும் ஐயங்களுக்குத் தனியாகவும் இரண்டு குழுக்கள் வைக்கச் சொல்லுங்கள். நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பும்படி ஒரு குழுவை அமைத்துக்கொள்ளும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. மற்றப் பெற்றோர் சிலரையும் சேர்த்துக்கொண்டு போய்க் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.