ஜாவா ஆப்லெட்டில் (பிரவுசருக்குள் ஓடும் சின்ன புரோகிராம்) பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை, அவசரம்

மஞ்சக்குப்பம்: நாளைக் காலை லேப் எக்ஸாம். சிவப்பு, பச்சை என்று இரண்டு பட்டன். அழுத்தினால் பின்னணி நிறம் மாற வேண்டும். மாறவில்லை. எர்ரரும் இல்லை. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பாகூரான்: புரோகிராம் கோடைப் போடாமல் எப்படித் தம்பி சொல்வது? எந்த ஜாவா? குரோமிலா திறக்கிறீர்கள்? அதில் 2015லேயே ஜாவா பிளகினுக்கு மங்களம் பாடிவிட்டார்கள்.

மஞ்சக்குப்பம்: பிரவுசர் இல்லை, ஆப்லெட்டைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் ஆப்லெட்வியூவர்தான். பட்டன் தெரிகிறது.

கெடிலக்கரை: திரையை மறுபடி வரையச் சொல்லும் ரீபெயிண்ட் போடுங்கள். எனக்கு எப்போதும் அதுதான் காலை வாரும்.

மஞ்சக்குப்பம்: போட்டாச்சு அண்ணா.

பழைய கம்பைலர்: விடிந்தால் பரீட்சை, இப்போதுதான் புத்தகத்தைத் திறக்கிறார்கள். ஆட்ஆக்‌ஷன்லிசனர் எழுதினாயா? பட்டனை அழுத்தியதைக் கவனிக்கும் லிசனரைப் பட்டனோடு இணைப்பது அதுதான். 1997ல் ஜாவாவின் ஜேடிகே 1.1 வந்ததிலிருந்து இதுதான் முறை. கிளாஸ் தலைப்பில் இம்ப்ளிமென்ட்ஸ் என்று போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு பட்டனிலும் லிசனரைப் பதிவு செய்ய வேண்டும்.

மஞ்சக்குப்பம்: அதெல்லாம் இருக்கிறது சார். பட்டனை அழுத்தியதும் ஓடும் ஆக்‌ஷன்பெர்ஃபார்ம்ட் முதல் வரியில் போட்ட பிரிண்ட் கூட வருகிறது. இஃப் உள்ளேதான் போகவில்லை.

வில்லியனூர்: இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! அழுத்தியது எந்தப் பட்டன் என்று பார்க்க கெட்சோர்ஸ் == சிவப்பு என்றுதானே இஃப்? ஆப்லெட் தொடங்கும்போது ஓடும் இனிட் உள்ளே "பட்டன் சிவப்பு = நியூ பட்டன்" என்று இருக்கிறதா பாருங்கள். முன்னால் "பட்டன்" என்று மறுபடி எழுதினால் அது இனிட்டோடு முடிந்துபோகும் வேறொரு வேரியபிள். மேலே கிளாஸில் அறிவித்த சிவப்பு null ஆகவே, அதாவது காலியாகவே கிடக்கும், இஃப் ஒருநாளும் பொருந்தாது. அந்த முதல் "பட்டன்" என்பதை மட்டும் அழியுங்கள். பச்சைக்கும் அதேதான்.

பாகூரான்: அது கிடக்கட்டும், 2017ல் ஜாவா 9லேயே கைவிட்ட ஆப்லெட்டை இன்னும் எதற்கு நடத்துகிறார்கள்? ஜாவா 11ல் ஆப்லெட்வியூவரே கிடையாது. இந்தப் பாடத்துக்காகவே லேபில் பழைய ஜாவாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்.

பழைய கம்பைலர்: ஜாவாவில் விண்டோ, பட்டன் செய்யும் ஸ்விங்கிலும் இதே ஆக்‌ஷன்லிசனர்தான். அடிப்படை வேண்டாமா?

பாகூரான்: அப்போ ஸ்விங்கையே நடத்தலாமே? என் மச்சான் பாண்டியில் இன்டர்வியூ போனான், கேட்டதெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்.

பழைய கம்பைலர்: இன்டர்வியூவுக்கா படிப்பு?

கெடிலக்கரை: பின்னே எதற்கு சார், ஃபீஸ் கட்டவா?

மஞ்சக்குப்பம்: மாறுகிறது!! ரொம்ப நன்றி.

கெடிலக்கரை: எதனால் தம்பி? வில்லியனூர் சொன்னதா, ரீபெயிண்டை இடம் மாற்றினீர்களா?

பாகூரான்: தம்பி ஆஃப்லைன் போயாச்சு.