சோப்யூஐ டெஸ்டிங் டூலில் பதில் வருகிறது, ஜாவா கிளையன்டில் செக்யூரிட்டி ஹெடர் பிழை. யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சேலம்_மாரத்தஹள்ளி
வியாழன், இரவு 7.40

வணக்கம் நண்பர்களே. பெங்களூர் சில்க் போர்டில் பஸ் நகராமல் நிற்கிறது, போனில் தமிழ் கீபோர்டில் அடிக்கிறேன். ஆபீஸ் லேப்டாப்பில் இந்தத் தளம் திறக்காது, அதனால் ஜாவா கோடை இங்கே ஒட்ட வழியில்லை, வாயால் சொல்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வெப் சர்வீஸை நாங்கள் கூப்பிடுகிறோம். சோப் 1.1, அதாவது எக்ஸ்எம்எல்லில் மெசேஜ் அனுப்பும் முறை. செக்யூரிட்டி ஹெடரில் யூசர்நேம் டோக்கன், பாஸ்வேர்ட் டைஜஸ்ட் (பாஸ்வேர்டை நேரடியாக அனுப்பாமல் கணக்குப் போட்டு அனுப்புவது), கூடவே ஒரு டைம்ஸ்டாம்ப் (மெசேஜ் உருவான, காலாவதியாகும் நேரம்). எழுதியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது, ஜாவா 8-ல் யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் ஜாவா 17-க்கு மாற்றினோம், அதோடு சர்வரையும் மாற்றினோம். ஆமாம், இரண்டையும் ஒரே நாளில் செய்திருக்கக் கூடாது, அதற்கு லீட் திட்டியாயிற்று, நீங்களும் திட்ட வேண்டாம். ஜாவா 11-லிருந்து ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (சோப் சர்வீஸைக் கூப்பிடும் லைப்ரரி) ஜேடிகேயோடு வருவதில்லை என்பதால் மேவனில் தனியாகச் சேர்த்து, ஜாவாக்ஸ் என்று இருந்த இம்போர்ட்டை எல்லாம் ஜகார்த்தா என்று மாற்றி, ஹேண்ட்லர் கிளாஸை (போகிற, வருகிற மெசேஜை நடுவில் பிடித்துக் கையாள்வது) புதிதாக எழுதினேன். ஹெடர் கட்டுகிற கோடு மட்டும் பழையதை அப்படியே எடுத்து வைத்தது.

இப்போது எந்த ரிக்வெஸ்ட் அனுப்பினாலும் 'இன்வேலிட் செக்யூரிட்டி' என்று ஃபால்ட் கோட், செக்யூரிட்டி ஹெடரைக் கையாளும்போது பிழை என்று ஒரு வரி, அவ்வளவுதான். என் லேப்டாப்பில் ஓட்டினாலும் இதே கதை. ஆனால் அதே லேப்டாப்பில் அதே யூசர், அதே பாஸ்வேர்டை சோப்யூஐ-யில் போட்டால் அழகாகப் பதில் வருகிறது. மூன்று நாளாக மண்டை காய்கிறது. திங்கட்கிழமை ரிலீஸ்.

ஹெச்எஸ்ஆர்_காபி
வியாழன், இரவு 8.05

ப்ரோ, எனக்கு இதே மாதிரி வந்தபோது சோப் ஆக்‌ஷன்தான் காரணம். 1.1-ல் கன்டென்ட் டைப் டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல், சோப் ஆக்‌ஷன் தனி ஹெடராகப் போக வேண்டும். 1.2-ல் அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல், ஆக்‌ஷன் அதற்குள்ளேயே அடங்கிவிடும். லைப்ரரி மாறினதில் இரண்டும் கலந்திருக்கும், பாருங்கள்.

அல்சூர்_ஏரிக்கரை
வியாழன், இரவு 9.30

காபி, நீங்கள் சொல்வது எச்டிடிபி ஹெடர். தம்பி கேட்பது என்வலப்புக்குள்ளே, அதாவது எக்ஸ்எம்எல் மெசேஜுக்குள்ளே, விஷயம் இருக்கும் பாடிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சோப் ஹெடர். பெயர் ஒன்றாக இருப்பதால் வருகிற குழப்பம், நானும் ஒரு காலத்தில் இதில் ஒரு நாள் முழுக்கத் தொலைத்திருக்கிறேன். வெர்ஷன் கலந்திருந்தால் 415 என்ற எச்டிடிபி பிழையோ 'வெர்ஷன் மிஸ்மேட்ச்' ஃபால்ட்டோ வந்து வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும், செக்யூரிட்டி ஹெடரைப் பார்க்கிற கட்டமே வந்திருக்காது.

பாஸ்வேர்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். அது தப்பென்றால் பெரும்பாலும் 'ஃபெயில்ட் ஆதென்டிகேஷன்' என்று வரும். உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் பல சர்வர்கள் வேண்டுமென்றே காரணத்தை மறைக்கும், எது தப்பு என்று விளக்கமாகச் சொன்னால் திருட வந்தவனுக்கு வழி காட்டின மாதிரி ஆகிவிடும்.

ஊகத்தை விடுங்கள், ஒயரில் போகிற எக்ஸ்எம்எல்லை எடுங்கள். எச்டிடிபி டிரான்ஸ்போர்ட் பைப் கிளாஸின் டம்ப் ப்ராப்பர்ட்டியை ட்ரூ என்று வைத்தால் கன்சோலில் கொட்டும். ஜாவா 8-ல் அந்தப் பெயருக்கு நடுவே 'இன்டர்னல்' என்று ஒரு சொல் இருக்கும், தனியாகச் சேர்த்த லைப்ரரிக்கு அது இருக்கக் கூடாது. பழைய ஸ்கிரிப்டிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு 'லாக்கே வரவில்லை' என்று புலம்புகிறவர்கள் நிறைய. சோப்யூஐ-யிலும் ரா டேபில் போன ரிக்வெஸ்ட் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டைஜஸ்ட்டையும் நான்ஸையும் (ஒவ்வொரு மெசேஜுக்கும் புதிதாகப் போடும் ரேண்டம் மதிப்பு) மட்டும் இங்கே போடாதீர்கள்.

முதலில் நேம்ஸ்பேஸ், அதாவது ஒவ்வொரு எலிமென்ட்டும் எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் முகவரி. செக்யூரிட்டி, யூசர்நேம் டோக்கன் இரண்டும் 'செக்எக்ஸ்ட்' என்று முடியும் முகவரியிலும், டைம்ஸ்டாம்ப், கிரியேட்டட், எக்ஸ்பயர்ஸ் மூன்றும் 'யுடிலிட்டி' என்று முடியும் முகவரியிலும் இருக்க வேண்டும். ப்ரிஃபிக்ஸ் எதுவாக இருந்தாலும் கவலை இல்லை, முகவரியில் ஒரு எழுத்து மாறினாலும் போச்சு. அப்புறம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: ரிக்வெஸ்ட் போன நிமிடத்தில் உங்கள் கைக்கடிகாரத்தில் மணி என்ன, கிரியேட்டடில் இருக்கும் மணி என்ன?

சேலம்_மாரத்தஹள்ளி
வெள்ளி, காலை 11.10

அக்கா, டம்ப் வந்துவிட்டது, 'இன்டர்னல்' விஷயம் சொல்லாமல் இருந்திருந்தால் அதற்கே அரை நாள் போயிருக்கும். நேம்ஸ்பேஸ் எல்லாம் எழுத்துக்கு எழுத்து சரி. நேரமும் சரியாகத்தான் இருக்கிறது: வாட்ச்சில் 10.42, கிரியேட்டடில் 10:42:17, கடைசியில் இசட். எக்ஸ்பயர்ஸ் 10:47:17. காலாவதி ஆகவில்லையே?

அல்சூர்_ஏரிக்கரை
வெள்ளி, காலை 11.25

அங்கேதான் இருக்கிறது தப்பு. சரியாக இருப்பதுதான் தப்பு.

கடைசியில் இருக்கும் அந்த இசட் 'இது யுடிசி (உலகப் பொது) நேரம்' என்று சொல்கிறது. நம் ஊரில் 10.42 என்றால் யுடிசியில் 5.12. உங்கள் மெசேஜ் ஐந்தரை மணி நேரம் கழித்துப் பிறக்கப் போகும் மெசேஜாக அங்கே போய் நிற்கிறது. எக்ஸ்பயர்ஸை மட்டும் பார்த்தால் இன்னும் நேரம் இருப்பது போலத்தான் தெரியும், ஆனால் சர்வர் கிரியேட்டடையும் பார்க்கும். ஜாவா பக்கம் பலரும் வைத்திருக்கும் டபிள்யூஎஸ்எஸ்4ஜே செக்யூரிட்டி லைப்ரரியில் பழைய மெசேஜுக்கு 300 விநாடி வரை சலுகை, எதிர்காலத்து மெசேஜுக்கு 60 விநாடிதான். இரண்டு மெஷின் கடிகாரங்களுக்குள் இருக்கும் சின்ன வித்தியாசத்துக்காக அந்த 60.

கோடில் தேதி எழுதும் சிம்பிள் டேட் ஃபார்மட் இருக்கும், பேட்டர்னில் இசட் ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும். சரிதானே? மேற்கோளுக்குள் போட்டால் அது வெறும் எழுத்து, டைம்ஜோன் இல்லை. ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் இன்ஜின்) எந்த ஊர் நேரத்தில் இருக்கிறதோ அதை எழுதிவிட்டுப் பின்னால் ஒரு இசட்டை ஒட்டிவிடும். சோப்யூஐ தானாகவே யுடிசியில் எழுதுகிறது, அதனால்தான் அது ஓடுகிறது.

டைஜஸ்ட் ஏன் உதைக்கவில்லை என்று கேட்பீர்கள். நான்ஸ், கிரியேட்டட், பாஸ்வேர்ட் மூன்றையும் சேர்த்து ஷா-1 போட்டு பேஸ்64 ஆக்குவதுதான் டைஜஸ்ட். தப்பான நேரமாக இருந்தாலும் ஹெடரில் இருப்பதும் கணக்கில் எடுத்ததும் ஒரே எழுத்துக்கள், அதனால் கணக்கு பொருந்திவிடும்.

இன்ஸ்டன்ட் நவ்-ஐ எடுத்து மில்லிவிநாடிக்கு வெட்டி டூஸ்ட்ரிங் போடுங்கள், அது எப்போதும் யுடிசிதான். வெட்டுவதை விட்டுவிடாதீர்கள். ஜாவா 8-ல் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்தான் வரும், 9-லிருந்து ஆறு, ஒன்பது என்று நீளும், மூன்றுக்கு மேல் போனால் முறைக்கும் சர்வர்கள் உண்டு. அந்த ஸ்ட்ரிங்கை ஒரு முறைதான் உருவாக்க வேண்டும், அதையே டைஜஸ்ட்டுக்கும் எலிமென்ட்டுக்கும் கொடுங்கள். இரண்டு முறை நவ் கூப்பிட்டால் சில முறை ஓடி, சில முறை ஃபெயில் ஆகி உங்களைப் பைத்தியம் ஆக்கும்.

ஒயிட்ஃபீல்டு_வாசி
வெள்ளி, பகல் 12.15

இவ்வளவு எதற்கு? ஜேவிஎம் ஸ்டார்ட் ஆகும்போது யூசர் டைம்ஜோனை யுடிசி என்று கொடுத்தால் ஒரே வரியில் முடிந்தது. கோடே தொட வேண்டாம்.

அல்சூர்_ஏரிக்கரை
வெள்ளி, பகல் 12.40

இந்த ஒரு பிழை முடியும், வேறு நாலு ஆரம்பிக்கும். இன்ஷூரன்ஸ் என்கிறார். பாலிசி தொடங்கும் தேதி நம் ஊர் நள்ளிரவு 12 மணி என்று பழைய டேட் ஆப்ஜெக்ட்டில் இருந்தால், யுடிசியில் அது முந்தைய நாள் மாலை 6.30. தேதியை மட்டும் எடுத்து அச்சடித்தால் ஒரு நாள் முன்னால் போய்விடும். ராத்திரி 12.30-க்கு ஓட வேண்டிய ஜாப் ஏதாவது அதே ஜேவிஎம்மில் இருந்தால் அது காலை 6-க்கு ஓடும். வெள்ளிக்கிழமை மதியம் யாருக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சேலம்_மாரத்தஹள்ளி
வெள்ளி, மாலை 4.20

அக்கா, காலில் விழுகிறேன். மேற்கோளுக்குள் இசட், அச்சு அசல் நீங்கள் சொன்ன மாதிரியே. பழைய சர்வர் யுடிசியில் இருந்திருக்கிறது. லாக் எல்லாம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, படிக்க எரிச்சலாக இருக்கிறது என்று சொல்லி, புது சர்வரை இந்திய நேரத்துக்கு வைக்கச் சொன்னதே நாங்கள்தான்.

மாற்றினேன், சர்வர் ஏற்றுக்கொண்டது. டம்ப்பில் 200 (வெற்றி), பாடியில் பாலிசி விவரம் எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் என் கிளையன்ட் அதை வாங்காமல் எக்ஸப்ஷன் வீசுகிறது. மஸ்ட் அண்டர்ஸ்டாண்ட் ஹெடர் புரியவில்லையாம், செக்யூரிட்டி என்று காட்டுகிறது. பதில் வந்த பிறகு எனக்கு என்ன புரிய வேண்டும்?

அல்சூர்_ஏரிக்கரை
வெள்ளி, மாலை 5.05

பதிலிலும் அவர்கள் ஒரு செக்யூரிட்டி ஹெடர் வைத்து, அதில் மஸ்ட் அண்டர்ஸ்டாண்ட் 1 என்று போட்டிருப்பார்கள். 'இந்த ஹெடர் உனக்குப் புரியாவிட்டால் மெசேஜையே தொடாதே' என்று அர்த்தம். அந்த விதி சர்வருக்கு மட்டும் இல்லை, வாங்குகிற எவருக்கும் உண்டு. உங்கள் ஹேண்ட்லரில் கெட் ஹெடர்ஸ் என்று ஒரு மெத்தட் இருக்கும், அதில் என்ன எழுதினீர்கள்? ஐடிஇ போட்டுக்கொடுத்த நல் (வெற்று மதிப்பு) அப்படியே இருக்கிறதா? அந்த மெத்தட் மூலமாகத்தான் 'இந்த ஹெடர் எனக்குப் புரியும்' என்று ரன்டைமுக்குச் சொல்ல வேண்டும். செக்எக்ஸ்ட் நேம்ஸ்பேஸும் செக்யூரிட்டி என்ற பெயரும் சேர்ந்த ஒரு கியூநேமை ஒரு செட்டில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

கோரமங்களா_இரவுப்பணி
வெள்ளி, மாலை 6.30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அக்கா சொன்னது சரி, ஓடும். ஆனால் 'புரியும்' என்று சொல்லிவிட்டு ஒன்றுமே செய்யாமல் இருப்பது பொய்க் கையெழுத்துப் போடுகிற மாதிரி. பதிலில் வெறும் டைம்ஸ்டாம்ப் மட்டும் இருந்தால் ஹேண்ட்லருக்கு உள்ளே வரும் மெசேஜில் அந்த நேரத்தையாவது சரிபாருங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர் இருந்தால் கையால் எழுதவே முயற்சி செய்யாதீர்கள், சிஎக்ஸ்எஃப் லைப்ரரிக்கு மாறி டபிள்யூஎஸ்எஸ்4ஜே இன்டர்செப்டரிடம் விட்டுவிடுங்கள். எங்கள் டீமில் ஒரு முறை இப்படித் தலையாட்டிவிட்டுப் போனதை ஆடிட்டில் பிடித்தார்கள், பதில் சொல்லி மாளவில்லை.

அல்சூர்_ஏரிக்கரை
வெள்ளி, மாலை 6.45

நியாயம். நான் அதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சேலம்_மாரத்தஹள்ளி
சனி, காலை 9.15

ஊருக்கு வந்துவிட்டேன், ஓசூர் தாண்டியதும்தான் தூக்கமே வந்தது. நேற்று இரவே எல்லாம் ஓடிவிட்டது. நல்-தான் இருந்தது. பழைய ஹேண்ட்லரில் அந்த மெத்தடில் இரண்டு வரி இருந்ததை 'இது எதற்கு' என்று நானே தூக்கியிருக்கிறேன், கிட் ஹிஸ்டரியில் பார்த்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். பதிலில் சிக்னேச்சர் இல்லை, டைம்ஸ்டாம்ப்தான், அதைச் சரிபார்க்கிற கோடும் சேர்த்துவிட்டேன்.

இன்னொன்று. பழைய கோடின் மேலே ஒரு கமென்ட் இருந்தது: 'லோக்கலில் ஓடாது, சர்வரில் மட்டும் ஓடும், காரணம் தெரியவில்லை.' ஐபி ஒயிட்லிஸ்ட்டாக இருக்கும் என்று நினைத்து இரண்டு வருடமாக யாருமே லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கவில்லை. லேப்டாப் இந்திய நேரத்தில் இருந்ததுதான் காரணம். இப்போது ஓடுகிறது, கமென்ட்டை அழித்துவிட்டேன்.