மறு: என்க்ளோஷர் - வேலியடைப்பா, நிலவளைப்பா?

> "வேலியடைப்பு"ன்னே வச்சிக்கலாம், நேரடியா இருக்கு. "வளைப்பு"ன்னா அபகரிப்பு மாதிரி ஒரு பக்கமா சாயுது.

என்க்ளோஷர்ங்கற (enclosure) ஆங்கிலச் சொல்லுக்கு, அதாவது ஊர்ப் பொதுவா அனுபவிச்ச நிலத்த ஒருத்தர் அடைச்சு தனக்குன்னு ஆக்கிக்கிறதுக்கு, தமிழ்ல எனக்கு வேலியடைப்பு போதாதுங்க. அவனவன் நிலத்துக்கு அவனவன் வேலி போடறான், இதுல என்ன இருக்குன்னு படிக்கிற பிள்ளைங்க நெனச்சிரும். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல பறிபோனது மாடு மேய்க்கவும் வெறகு பொறுக்கவும் ஊராருக்கு வழிவழியா இருந்த பாத்தியதை. கம்பளிக்கு நல்ல வெல, உழுத நிலமெல்லாம் ஆட்டுக்கு மேய்ச்சலாச்சு. ஊருங்க காலியாகுதுன்னு 1489லயே சட்டம் போட்டாங்க, 1517ல ராஜாவோட மந்திரி வுல்சி விசாரணைக் கமிஷன் வச்சார், அப்பவும் நிக்கல.

இந்த வேலிகள எதிர்த்து கிழக்கு இங்கிலாந்துல 1549ல நடந்த நார்ஃபோக் கலகத்தயே எடுத்துக்கங்க. ராபர்ட் கெட் தானே வேலி போட்டிருந்த ஆளு, அதப் பிடுங்க சனங்க வந்து நின்னதும் தன் வேலியயும் பிடுங்கிட்டு அவங்களுக்கே தலைவனாயிட்டார். அவருக்கும் வக்கீல் ஃபிளவர்ட்யூவுக்கும் பகை அதுக்கு முன்னாடியே உண்டு, ராஜா எட்டாம் ஹென்றி கிறிஸ்தவ மடங்கள கலைச்சப்ப அவங்க ஊர் மடத்துக் கோயில ஃபிளவர்ட்யூ இடிச்சதுல வந்தது, அதனால மதம் வேற நிலம் வேறன்னு இங்க பிரிக்கவே முடியாது. நாரிச் நகரத்துக்கு வெளிய மவுஸ்ஹோல்ட் மேட்டுல கூடி 29 கோரிக்கை எழுதுனாங்க. அதுல ஒண்ணு, பொதுமேய்ச்சல்ல பண்ணையார் தன் கால்நடைய விடக்கூடாதுங்கறது. வேலியே இல்லாமயும் பொதுநிலம் கைய விட்டுப் போச்சுன்னு இதுலயே தெரியுதுல்ல? அந்த டிசம்பர்லயே ராபர்ட் கெட்டை நாரிச் கோட்டையில தூக்குல போட்டாங்க.

"நிலத்த வளைச்சுப் போட்டுட்டான்"னு நம்ம ஊர்ல சொல்றது அப்படியே இதுக்குப் பொருந்துது, அதனால "பொதுநில வளைப்பு", சுருக்கமா "நிலவளைப்பு". சார்பு இருக்குங்கறீங்க, சரி, எல்லாமே அடாவடி இல்லதான், பேசி முடிச்சதும் உண்டு, அத "உடன்பாட்டு வளைப்பு"ன்னு சொல்லலாம். 1750லேருந்து 1850க்குள்ள சுமார் 4,000 சட்டம் போட்டு செஞ்சது "நாடாளுமன்ற வளைப்பு". சட்டப்படி நடந்தாலும் ஏழையோட மாடு மேய எடமில்லாம போனது போனதுதான், அத மறைக்கிற சொல் எனக்கு வேண்டாம்.

இன்னொண்ணு, காமன்ஸுக்கு (commons, ஊரார் பொதுவா அனுபவிச்ச அந்த நிலத்துக்கு) "புறம்போக்கு" போடாதீங்க, தயவுசெஞ்சு. நம்ம புறம்போக்கு சர்க்கார் நிலம். அங்க பெரும்பாலும் நிலம் பண்ணையாருக்குச் சொந்தம், ஊராருக்கு அனுபவ உரிமை மட்டுந்தான். "பொதுமேய்ச்சல் நிலம்"னு போடுங்க, உரிமையச் சொல்றப்ப "பொதுப் பாத்தியதை". வெறும் வேலியத்தான் குறிக்குதுன்னா அங்க மட்டும் வேலியடைப்பு இருக்கட்டும்.