ஆஞ்சியோவில் ஒண்ணும் தெரியலையாம், அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

பெகு மகன்:
வணக்கம். அம்மாவுக்கு 54 வயசு. வியாழக்கிழமை விடியக்காலையில கடைக்கு மொய்ங்கா (பர்மா மீன்குழம்பு நூடுல்ஸ்) கிளறிக்கிட்டு இருந்தவங்க, "பின்மண்டையில உலக்கையால அடிச்ச மாதிரி இருக்குடா"ன்னு அப்படியே உட்கார்ந்துட்டாங்க. உடனே வாந்தி. ரங்கூனுக்குக் கார்ல கொண்டு வந்தோம். சிடி ஸ்கேன்ல மூளையைச் சுத்தி ரத்தம். ஆனா சிடி ஆஞ்சியோவில, அதான் ரத்தக்குழாயைப் படம் எடுக்கிறதுல, குழாய்ல ஒரு கோளாறும் தெரியலையாம். அம்மா இப்ப பேசுறாங்க, கஞ்சி குடிக்கிறாங்க. தொடை இடுக்கு வழியா இன்னொரு ஆஞ்சியோ எடுக்கணும்னு டாக்டர் சொல்றார். மாமா, "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குச் செலவு, பீலிக்கான் கோயில் முனீஸ்வரனுக்கு வேண்டிக்கிட்டுக் கிளம்புவோம்"ங்கிறார். என்ன செய்யட்டும்?

வார்டு அக்கா:
தம்பி, தயவுசெஞ்சு கிளம்பாதீங்க. நான் பிறந்தது ரங்கூன், 11 வருஷமா சென்னையில நியூரோ வார்டுல நர்ஸ். அடிபடாம தானா இப்படி ரத்தம் கசியுறவங்கள்ல 100-க்கு 85 பேருக்குக் காரணம் அனியூரிசம், குழாய்ச்சுவர் பலூன் மாதிரி புடைச்சு வெடிக்கிறது. சுமார் 15 பேருக்கு முதல் படத்தில எதுவும் சிக்காது. புடைப்பு ரொம்பச் சின்னதா இருந்தாலும், உள்ளே ரத்தம் உறைஞ்சு அடைச்சிருந்தாலும், குழாய் சுருங்கியிருந்தாலும் கண்ணுக்குத் தப்பிடும்.

ரத்தம் எந்த இடத்தில நிக்குதுன்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. நடுமூளைக்கு முன்னாடி மட்டும் திட்டா நின்னா பெரும்பாலும் நல்லபடியா முடியும், அது திரும்பக் கசியுறது அபூர்வம். பக்கவாட்டுப் பள்ளங்கள் வரைக்கும் பரவியிருந்தா கதீட்டர் ஆஞ்சியோ, அதான் டாக்டர் சொன்ன, தொடை இடுக்கு வழியா மெல்லிசுக் குழாய் விட்டு எடுக்கிற படம், எடுத்தே ஆகணும். அதிலயும் தெரியலைன்னா ஒண்ணு ரெண்டு வாரத்தில மறுபடி எடுப்பாங்க. சிலருக்கு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எம்ஆர்ஐயும் பார்ப்பாங்க.

நிமோடிபின்னு, ரத்தக்குழாய் சுருங்குறதால மூளைக்கு வர்ற பாதிப்பைக் குறைக்கிற மாத்திரை, எழுதியிருக்காங்களா? வழக்கமா 4 மணி நேரத்துக்கு ஒருதரம் 60 மில்லிகிராம், 21 நாள். "தூங்குறாங்களே, பாவம்"னு ராத்திரி 2 மணி மாத்திரையை விட்டுடாதீங்க, அப்படி விட்ட பிள்ளைங்களை நிறையப் பார்த்திருக்கேன். அம்மா திடீர்னு மந்தமானாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிஷமே ஆளைக் கூப்பிடுங்க. மூளையில நீர் கோத்திருக்கலாம், குழாய் சுருங்கியிருக்கலாம்.

மோல்மேன் தங்கச்சி:
எங்க அண்ணனுக்கும் முதல் படத்தில ஒண்ணுமில்ல. 10-வது நாள் திரும்ப எடுத்தப்பதான் மிளகு அளவுக்கு ஒரு புடைப்பு தெரிஞ்சு, உள்ளே காயில் (மெல்லிசு கம்பிச் சுருள்) வச்சு அடைச்சாங்க. தொடை வழியா ஆஞ்சியோ எடுத்து முடிச்சதும் குழாய் விட்ட காலை மணிக்கணக்கா மடக்கக் கூடாது. அண்ணன் தூக்கத்தில மடக்கிடாம நான் முழங்கால்மேல கையை வச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

பெகு மகன்:
அக்கா, கேட்டுட்டேன். டாக்டர் படத்தைக் காட்டினார், ரெண்டு பக்கமும் ரத்தம் வெள்ளையா ஓடியிருக்கு. மாமாவும் குனிஞ்சு பார்த்தார், அப்புறம் வாயே திறக்கல. நாளன்னைக்குக் காலையில எடுக்கிறாங்க. 2 மணி மாத்திரைக்கு போன்ல அலாரம் வச்சிருக்கேன்.