உயர்நிலை மூன்று மகள், புலாவ் உபின், ஐந்து நாள் முகாம்: அனுப்பலாமா?

வெண்ணிலா (உட்லண்ட்ஸ்)

வணக்கம். மூத்தவளுக்குப் பதினைந்து வயது, உயர்நிலை மூன்று. அடுத்த மாதம் நம் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிப்புறச் சாகசப் பயிற்சி முகாம், ஐந்து நாள் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் பஞ்சாயத்துதான்.

மாமியார் ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். "பொம்பளப் புள்ளையத் தீவுக்கு அனுப்பிக் கூடாரத்துல படுக்க வெப்பாங்களா" என்று தினமும் காலையில் இட்லியோடு சேர்த்து இதையும் பரிமாறுகிறார். கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிடலாமா" என்று மட்டும் கேட்டார். பிள்ளைக்கு ஒரு நோயும் இல்லை.

என் கவலைகள் வேறு. தொடக்கப்பள்ளியில் நீச்சல் பழகியதோடு சரி, அப்புறம் அவள் தண்ணீர்ப் பக்கமே போனதில்லை. கடலில் கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) என்கிறார்கள். நாங்கள் சைவம். அந்த வாரம்தான் அவளுக்கு மாதவிடாய் வரும் கணக்கு. இதையெல்லாம் விட, அவள் நாலு பேர் இருந்தால் வாயே திறக்கமாட்டாள். அறிமுகமில்லாத வேறு பள்ளிப் பிள்ளைகளோடு கலந்து குழு பிரிப்பார்களாம். கைப்பேசியும் கூடாது.

கடிதத்தில் "தலைமைத்துவம்" என்று இரண்டு இடத்தில் போட்டிருக்கிறது. துடுப்புப் போட்டால் தலைமைத்துவம் வந்துவிடுமா? நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை. பிள்ளைகளை அனுப்பியவர்கள் சொல்லுங்கள்.

என்எஸ் தம்பி

அக்கா, நான் உயர்நிலை மூன்றில் போனவன். இப்போது தேசிய சேவையில் (என்எஸ், கட்டாய ராணுவப் பணி) இருக்கிறேன், அதனால் கூடாரம், காடு எல்லாம் அலுத்துவிட்டது, ஆனால் அந்த ஐந்து நாள் மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது.

பையில் என்ன வைப்பது என்று மட்டும் சொல்கிறேன். காலுறை, கொடுத்திருக்கும் பட்டியலைவிட இரண்டு ஜோடி கூடுதலாக. ஒவ்வொரு நாள் உடையையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடச் சொல்லுங்கள். மழையில் பை நனைந்தாலும் நாலாம் நாள் போட ஒரு காய்ந்த சட்டை இருந்தால் அது சொர்க்கம். புதுக் காலணி வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள், கொப்புளம் வந்து நடக்க முடியாது. பழசைப் போட்டுக்கொண்டு போகட்டும், அடி பிரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். எங்கள் குழுவில் ஒருத்தனுக்கு இரண்டாம் நாளே அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. கறுப்பு டேப் சுற்றிக்கொண்டுதான் மிச்ச நாளும் நடந்தான்.

மணல் ஈ கடிக்கும். கொசு மருந்து போதாது, மாலையில் முழுக்கால் சட்டை போடச் சொல்லுங்கள்.

செங்காங் அப்பா

வெண்ணிலா, நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

என் மகனை இரண்டு வருடம் முன்பு பள்ளி விடுமுறையில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய சாகச முகாமுக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். மூன்று நாள், நல்ல காசு. முதல் நாள் காலையில் யார் சத்தமாகக் கத்துகிறானோ அவனைக் குழுத்தலைவன் ஆக்கிவிட்டார்கள். கடைசிவரை அவனே தலைவன். மற்ற பதினொரு பேரும் அவன் பின்னால் நடந்தார்கள், கைதட்டினார்கள், டி-ஷர்ட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். "என்னடா கத்துக்கிட்ட" என்று கேட்டதற்கு, "ஃபிளையிங் ஃபாக்ஸ் நல்லா இருந்துச்சுப்பா" என்றான், கம்பியில் தொங்கிச் சறுக்கிப் போவார்களே, அது.

உபின் முகாம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லவரவில்லை. ஆனால் மூன்று நாளோ ஐந்து நாளோ, பதினைந்து வருடமாக வீட்டில் வளர்ந்த குணம் அதற்குள் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். போகட்டும், வெயிலில் காயட்டும், அவ்வளவுதான்.

கயாக் அக்கா

வெண்ணிலா தங்கச்சி, பதினொரு வருடம் வெளிப்புறப் பயிற்றுநராக இருந்தவள் எழுதுகிறேன். முட்டி போய்விட்டதால் இப்போது அலுவலக நாற்காலி. பல இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். நான் சொல்வது எந்த ஓர் அமைப்பின் சார்பாகவும் அல்ல.

முதலில் அந்த டாக்டர் கடிதம். இல்லாத நோய்க்கு வாங்காதீர்கள். இருக்கிற நோயை மறைக்கவும் செய்யாதீர்கள். ஒரு முறை ஒரு பையன் மூச்சுத் திணறி இரவு பத்து மணிக்குப் படகு வைத்துக் கரைக்குக் கொண்டுபோனோம். ஆஸ்துமா இருக்கிறது என்று படிவத்தில் எழுதினால் கடலில் இறங்க விடமாட்டார்களோ என்று பயந்து அவன் அம்மா எழுதவில்லை. இன்ஹேலரும் வீட்டு மேசையில். எழுதியிருந்தால் அது என் இடுப்புப் பையில் இருந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

கடல்: லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்க முடியாது. கயாக் கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதைக் கரையோரமாகவே வேண்டுமென்று கவிழ்த்துப் பழக்குவார்கள். கவிழ்ந்தால் உள்ளே மாட்டிக்கொள்வோம் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் பயப்படும். உண்மையில் உடம்பு தானாக நழுவி வெளியே வந்து, ஜாக்கெட் மேலே தூக்கிவிடும். முதல் தடவை மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறும், இருமுவாள், அழக்கூடச் செய்யலாம். இரண்டாம் தடவை சிரிப்பாள். நீச்சல் தெரிந்த பிள்ளைகளைவிடத் தெரியாத பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பார்கள் என்பது என் அனுபவம். இடி மின்னல் எச்சரிக்கை, நாம் "கேட் ஒன்" என்போமே, அது வந்துவிட்டால் தண்ணீரிலிருந்து எல்லாரும் கரையேறிவிட வேண்டும். நம் ஊர் மழைக்கு அது அடிக்கடி நடக்கும், "பாதியில நிறுத்திட்டாங்கம்மா" என்று குறை சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுங்கள்.

மாதவிடாய்: பேட் கடல் தண்ணீரில் ஊறிவிட்டால் பயன்படாது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அவள் போனதும் பெண் பயிற்றுநர் ஒருவரிடம் காதோடு ஒரு வார்த்தை சொல்லட்டும், கடல் நாளை எப்படிச் சமாளிப்பது என்று அவர் பார்த்துக்கொள்வார். எங்களுக்கு இது வாராவாரம் நடப்பதுதான். நாள் தள்ளிப்போட நீங்களாக மாத்திரை கொடுக்காதீர்கள். கறுப்புக் கால்சட்டை, தனி ஜிப் பையில் தேவைக்கு இரண்டு மடங்கு பேட், பழைய செய்தித்தாள் கொஞ்சம். இது போதும்.

சைவம் என்று படிவத்திலேயே குறிப்பிடுங்கள். ருசியை எதிர்பார்க்க வேண்டாம், பிள்ளைகளே சமைக்கும் சாப்பாடு. அரை வேக்காட்டு நூடுல்ஸை அமிர்தம் மாதிரி சாப்பிட்டதாக வந்து சொல்வாள், நீங்கள் காலையில் அரைத்துவைத்த சட்னிக்குக் கொஞ்சம் அவமானம்தான்.

இனி அந்தத் தலைமைத்துவம். செங்காங் அண்ணன் சொல்வதில் பாதி சரி. அவுட்வர்ட் பவுண்ட் முறையைத் தொடங்கியவர்கள் ஐந்து நாள் என்று நினைக்கவில்லை, ஏறக்குறைய ஒரு மாதம் என்று வைத்தார்கள். 1941, போர்க்காலம். வேல்ஸ் கடற்கரையில் அபர்டவி என்ற ஊரில் முதல் பள்ளி. குர்ட் ஹான் என்ற ஜெர்மானிய ஆசிரியர், ஹிட்லரை எதிர்த்து நாட்டை விட்டு வந்தவர், அவருடைய யோசனை. கைகொடுத்தவர் லாரன்ஸ் ஹோல்ட், ப்ளூ ஃபனல் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். (கோலியர் கீயில் ஓஷன் கட்டடம் என்று ஒன்று இருந்ததே, அது அந்த நிறுவனத்தின் முறையான பெயரான ஓஷன் ஸ்டீம் ஷிப் கம்பெனி என்பதிலிருந்து வந்ததுதான். நம் துறைமுகத்துக்கும் அவர்களுக்கும் அவ்வளவு பழக்கம்.) டார்பிடோ அடித்து மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பி உயிர்காப்புப் படகில் ஏறியவர்களில், வயதான மாலுமிகள் தாக்குப்பிடித்தார்களாம், வலுவான இளைஞர்கள் முதலில் போனார்களாம். கை பலத்தில் குறையில்லை, நாளை விடியும் என்ற நம்பிக்கையில்தான் குறை என்று ஹோல்ட் நினைத்தார். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. உபினில் 1967-இல், அப்போது அமைச்சராக இருந்த கோ கெங் சுவீ தொடங்கிவைத்தார். தேசிய சேவை வந்ததும் அதே வருடம்தான். முன்பு சில பள்ளிகள் மட்டும் போகும். உயர்நிலை மூன்றில் எல்லாரும் போகவேண்டும் என்று கல்வி அமைச்சு வைத்தது 2020-இலிருந்து, அதையும் கோவிட் வந்து குழப்பியது.

அதனால் தலைமைத்துவம் என்றால் முன்னால் நின்று கத்துவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் மகனுக்கு நடந்தது மோசமான நடத்துமுறை. நாங்கள் தினமும் பொறுப்பை மாற்றுவோம். இன்று வரைபடம் உன் கையில், நாளை நீ சமையல், மறுநாள் நேரம் பார்ப்பது. கத்துகிறவனை ஒரு நாள் கடைசியில் நடக்கவிடுவோம், யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அன்று மாலை அவனைப் பார்க்கவேண்டும்!

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மகள் மாதிரிதான், இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. இருவர் கயாக்கில் அவளை முன்னாலும், வேறு பள்ளிச் சீனப் பையன் ஒருவனைப் பின்னாலும் உட்கார வைத்தோம். முன்னால் இருப்பவர் தாளம் கொடுக்கவேண்டும், பின்னால் இருப்பவர் அந்தத் தாளத்துக்குப் போட்டுத் திசை பிடிக்கவேண்டும். இவர்கள் ஆளுக்கொரு பக்கம் போட்டார்கள். படகு செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. மற்ற படகுகள் எல்லாம் நூறு மீட்டர் முன்னால். அவன் ஆங்கிலத்தில் கத்துகிறான், இவள் தோள் இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். நான் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. அதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி, நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பது.

பத்து நிமிடம் போயிருக்கும். இவள் திடீரென்று "ஒன்னு... ரெண்டு... ஒன்னு... ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தாள். அவனுக்காக அல்ல, தனக்குத்தானே, பாட்டு வகுப்பில் தாளம் போடுகிற மாதிரி. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் "ஒன்னு"க்கு வலது, "ரெண்டு"க்கு இடது என்று பிடித்துக்கொண்டான். படகு நேராகியது. கரைக்கு வரும்போது அவனும் சேர்ந்து "ஒன்னு ரெண்டு" என்று கத்திக்கொண்டு வந்தான். மறுநாள் அந்தக் குழுவே, பன்னிரண்டு பேரும், மலாய்ப் பிள்ளைகள் உட்பட, தமிழில்தான் எண்ணினார்கள். அவளை யாரும் தலைவி என்று சொல்லவில்லை. அவளும் அப்படி நினைத்திருக்கமாட்டாள்.

அவள் வீட்டுக்குப் போய் மாறிவிட்டாளா? தெரியாது. ஐந்து நாளுக்கு அவ்வளவுதான் முடியும், அண்ணன் சொன்ன அந்தப் பாதி சரி என்பது இதுதான்.

வெண்ணிலா (உட்லண்ட்ஸ்)

அக்கா, இதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "பாட்டு கத்துக்கிட்டது வீண்போகல" என்றார். எங்கள் பிள்ளை பாட்டு வகுப்புக்கே போனதில்லை. சரி, அனுப்புகிறோம். டாக்டர் கடிதப் பேச்சைக் கணவரும் விட்டுவிட்டார். கைப்பேசி இல்லாமல் ஐந்து நாள் நான் எப்படி இருப்பது என்பதற்கு மட்டும் வழி சொல்லுங்கள்.

கயாக் அக்கா

அதற்குப் பயிற்சி எங்களிடம் இல்லை தங்கச்சி. மோசமாக ஏதாவது நடந்தால் பள்ளி உங்களைக் கூப்பிடும். கூப்பிடவில்லை என்றால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். பொங்கோல் படகுத்துறைப் பக்கம் போய் எட்டிப் பார்க்காதீர்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே பெற்றோர் வருவார்கள்.

வெண்ணிலா (உட்லண்ட்ஸ்)

போய்விட்டு நேற்று வந்துவிட்டாள். பதிவைத் தொடங்கியவள் முடித்துவைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வாசலில் வந்து நின்றபோது ஒரு வாடை. அப்படியொரு வாடை. என்எஸ் தம்பி, உங்கள் ஜிப் பை யோசனைக்கு நன்றி, ஆனால் அழுக்குத் துணியையும் அதே பைகளில் மூடி எடுத்து வந்திருக்கிறாள், திறந்தபோது கணவர் பால்கனிக்கு ஓடினார். குளித்துவிட்டுப் படுத்தவள் பதினான்கு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. காலெல்லாம் மணல் ஈ கடி. மாமியார் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேள்வி கேட்டார், அவரிடம்தான் எல்லாம் சொன்னாள், என்னிடம் இல்லை.

மூன்றாம் நாள் வரைபடம் அவள் கையிலாம். ஒரு திருப்பத்தில் தப்பான பக்கம் கூட்டிப்போய், மொத்தக் குழுவும் நாற்பது நிமிடம் திரும்பி நடந்ததாம். "எல்லாரும் திட்டினாங்களா" என்று பாட்டி கேட்டார். "ஒருத்தன் திட்டினான். அப்புறம் அடுத்த திருப்பத்துல அவனே என்கிட்ட வந்து, இப்ப எந்தப் பக்கம்னு கேட்டான், பாட்டி. மேப் என்கிட்டதானே இருக்கு" என்றாள்.

அதற்கு மேல் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. இன்று காலை சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தாள். நாளைக்கும் கழுவுவாளா என்று செங்காங் அண்ணன் கேட்பார், பார்ப்போம்.

இப்போது புதுச் சிக்கல். மாமியாருக்கு அந்தத் தீவைப் பார்க்கவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை சாங்கி முனையில் பம்போட் என்ற சிறு படகுக்குப் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்து குடும்பத்தோடு போகிறோம். முப்பது இட்லி கட்டுகிறார். அங்கே காட்டுப்பன்றி, குரங்கு எல்லாம் உண்டு, சாப்பாட்டுப் பையைப் பிடுங்கும் என்று மகள் பயமுறுத்துகிறாள். என்ன செய்வது, கயாக் அக்கா?

கயாக் அக்கா

பிளாஸ்டிக் பையில் மட்டும் கொண்டுபோகாதீர்கள், அந்தச் சரசரப்புச் சத்தம் கேட்டாலே குரங்கு மரத்திலிருந்து இறங்கிவிடும். மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு, அதை முதுகுப் பைக்குள். பன்றி வந்தால் ஓட வேண்டாம், எதையும் போடவும் வேண்டாம், மெதுவாக விலகி நடங்கள். மாமியாரிடம் தூக்கைக் கொடுத்தால் கேட்பவர்களுக்கெல்லாம் ஒரு இட்லி கொடுத்துவிடுவார், அதனால் மகள் கையில் கொடுங்கள்.